பையில் அடங்கும் கைத்துப்பாக்கி: எதை வாங்குவது, எங்கே வைப்பது

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. கைத்துப்பாக்கிக்கு உரிமம் வந்துவிட்டது. இரவு கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் திருநகருக்குப் போக வேண்டும். இடையிடையே மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் சரக்கோடு பஸ்ஸில் போக வேண்டும். பாதி நாள் வேட்டி, பாதி நாள் பேண்ட். வெளியே தெரியாமல் உடுப்பின் பையில் அடங்குகிற மாதிரி சிறிய துப்பாக்கி எது? 250 கிராமில் ஒன்று வருகிறதாமே, அதையே வாங்கிவிடலாமா?

தம்பி, போலீஸில் ஆர்மரராக, துப்பாக்கிகளைப் பிரித்துப் பழுதுபார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஏற்றது .32 ரிவால்வர், அதாவது சிலிண்டர் என்ற சுழலும் உருளையின் அறைகளில் தோட்டாக்கள் இருக்கும் வகை. 500 கிராமை ஒட்டிய எடையில் கிடைப்பதை வாங்குங்கள். 250 கிராம் வேண்டாம். பேண்ட் போடும் நாளில், நடந்து போகும்போது மட்டும் அது பையில் இருக்கலாம், அதுவும் உறைக்குள். வேட்டி கட்டும் நாளிலும், ஸ்கூட்டரிலும், பஸ்ஸிலும் பை சரியான இடமே இல்லை. ஏன் என்பதுதான் இந்தப் பதில் முழுவதும்.

கடையில் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் வைத்துக் காட்டும்போது சிறிய துப்பாக்கி எல்லோருக்கும் பிடித்துப்போகும். உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார்கள், பையில் போட்டுப் பார்ப்பார்கள், கண்ணாடியில் திரும்பிப் பார்ப்பார்கள், பணத்தைக் கட்டிவிடுவார்கள். உள்ளே போவது எல்லாத் துப்பாக்கிக்கும் சுலபம். தேவைப்படுகிற நொடியில் வெளியே வருமா என்பதைத்தான் பார்த்து வாங்க வேண்டும். உங்களுக்கு அந்த நொடி எது என்று யோசித்தீர்களா? நடு ரோட்டில் எவனோ எதிரே வந்து நின்று சவால் விடுவது அல்ல. இரவு ஷட்டரை இழுத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து இரண்டு பக்கமும் பூட்டுப் போடுகிறீர்களே, அதுதான். இரண்டு கையும் பூட்டில் இருக்கிறது, முதுகு தெருவுக்குக் காட்டியிருக்கிறது, நகைப்பை காலடியில் இருக்கிறது. குந்தியிருப்பதால் தொடையும் அடிவயிறும் ஒட்டி, பேண்டின் முன்பை மடிந்து இறுகிப்போயிருக்கிறது. அந்த நிலையில் உங்கள் கை பைக்குள் நுழையாது. இன்று இரவே ஒரு சாவிக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு குந்தியபடி எடுத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். அதனால் துப்பாக்கி எதுவானாலும் பூட்டுவது ஒருவர், நின்று பார்த்துக்கொள்வது இன்னொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி இருப்பது நிற்பவரிடம்தான் பயன்படும். அதற்காக அதைக் கடைப் பையனிடம் கொடுத்துவிடாதீர்கள். உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது. நீங்கள் நில்லுங்கள், அவர் பூட்டட்டும்.

அடுத்தது சட்டம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் 32-ஆவது விதி இதற்கென்றே இருக்கிறது. பொது இடத்தில் கைத்துப்பாக்கியைக் கொண்டுபோனால் அது உடம்போடு இணைந்த உறைக்குள்ளோ அல்லது முதுகுப்பை போன்ற ஒன்றுக்குள்ளோ இருக்க வேண்டும். முழுவதும் மூடியிருக்க வேண்டும். கொண்டுபோகிறவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே எடுத்துக் காட்டுவதும் வீசுவதும் அறவே கூடாது. ஆகவே பேண்ட் பையில் வெறுமனே துப்பாக்கியைப் போட்டுக்கொண்டு போவது ஆபத்து என்பதோடு விதி மீறலும் ஆகும். உரிம நிபந்தனையை மீறினால் வழக்கும் வரும், உரிமமும் போகும். பைக்கென்றே தைத்த உறை கிடைக்கிறது. துப்பாக்கியோடு சேர்த்து அதையும் வாங்கினால்தான் வாங்கியது முழுமை.

இனி எது கிடைக்கும் என்று பார்ப்போம். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல், .38 ரிவால்வர் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. இரண்டும் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட ‘போர்’ (bore), அதாவது குழல் துளையின் அளவு. சாதாரண உரிமத்தில் கிடைக்காது. உங்கள் உரிமத்தில் எழுதியிருப்பது தடையில்லாத போர். கைத்துப்பாக்கியில் அது நடைமுறையில் .32, அல்லது .22 என்றாகும். தனி ஆள் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வது 1980-களின் நடுவிலேயே ஏறக்குறைய நின்றுவிட்டது. அதனால் பழைய ஜெர்மன், பெல்ஜிய, ஆங்கிலேயத் துப்பாக்கிகள் கைமாறிக் கைமாறி நகை விலையில் விற்கின்றன. அந்த விலை அரிதாகக் கிடைப்பதற்கான விலை, பயனுக்கான விலை அல்ல. அறுபது வருடம் ஓடிய ஸ்பிரிங்கை நம்பி நீங்கள் இரவில் தெருவில் நிற்க வேண்டாம்.

‘.32’ என்று உரிமத்தில் எழுதியிருப்பதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. ரிவால்வருக்குப் போடும் .32 தோட்டா வேறு, பிஸ்டலுக்குப் போடும் .32 தோட்டா வேறு. ரிவால்வருக்கு உரியது .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங். நீளமானது, அடி விளிம்பு நன்றாகத் துருத்திக்கொண்டிருக்கும், அதில் வழக்கமாக வரும் குண்டு 6 கிராமுக்குச் சற்று மேல். பிஸ்டலுக்கு உரியது .32 ஏ.சி.பி. குட்டையானது, விளிம்பு லேசாகத்தான் தெரியும், குண்டு 4.6 கிராம். இரண்டும் 1890-களின் கடைசியில் பிறந்தவை, இரண்டுக்கும் பெரிய வேகம் கிடையாது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடவே கூடாது. வாங்கும்போது பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ‘முப்பத்திரண்டு கொடுங்கள்’ என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள்.

நீங்கள் கேட்ட 250 கிராம் துப்பாக்கி ‘நிடர்’. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை செய்தது. .22 ரிவால்வர், எட்டுத் தோட்டா. பையில் இருப்பதே தெரியாது, அது உண்மை. ஆனால் .22 தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொருள் அடி விளிம்பைச் சுற்றித் தடவப்பட்டிருக்கிறது. நடுவில் தனிக் கிண்ணியாக இருக்கும் .32 தோட்டாவைவிட அது வெடிக்காமல் ஏமாற்றுவது அதிகம். குண்டு 2.6 கிராம்தான். அவ்வளவு குட்டையான குழலிலிருந்து அது வெளியே வரும்போது வேகமும் குறைந்திருக்கும். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பிடி. உங்களைப் போன்ற நல்ல பருமனான கை அதைப் பிடித்தால் இரண்டு விரல்தான் பிடியில் இருக்கும், சுண்டு விரல் காற்றில் தொங்கும். டிரிகரை இழுக்கும்போது துப்பாக்கியே திரும்பிக்கொள்ளும். மணிக்கட்டு பலவீனமான வயதானவருக்கு, .32-இன் டிரிகரை இழுக்கவே முடியாதவருக்கு, நிடரைச் சொல்வேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

பிஸ்டலா ரிவால்வரா என்பதில் எனக்கு ஒரே கருத்துதான். .32 பிஸ்டல் தட்டையானது, ‘அஷானி’ என்ற பெயரில் நம் நாட்டிலேயே செய்கிறார்கள், பையில் ரிவால்வரைவிட நன்றாக ஒட்டிப் படுக்கும். சிலிண்டர் இல்லாததால் வரும் வசதி அது. ஆனால் பையில் வைப்பதற்கு உடனே ஒரு கேள்வி எழுகிறது: தோட்டாவை அறையில் ஏற்றி வைப்பதா, வேண்டாமா? ஏற்றி வைத்தால் ஒரு சிறிய சேஃப்டி நெம்புகோலை நம்பித் தொடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். ஏற்றாமல் வைத்தால், எடுத்தபின் இன்னொரு கையால் ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் நகரும் மேல்பகுதியை, இழுத்து விட வேண்டும். உங்கள் இன்னொரு கையில் நகைப்பை இருக்கும். தோட்டா வெடிக்காமல் போனாலும் இதே கதைதான், இரண்டு கையும் வேண்டும். ரிவால்வரில் வெடிக்கவில்லையென்றால் மறுபடி டிரிகரை இழுத்தால் போதும், அடுத்த அறை வந்து நிற்கும். பழகியவருக்கு, வாரம்தோறும் சுடுகிறவருக்குப் பிஸ்டல் நல்லதுதான். மாதத்துக்கு ஒரு முறை சுடுவதே பெரிய காரியம் என்றிருக்கும் வியாபாரிக்கு ரிவால்வர்தான்.

ரிவால்வரில் கான்பூரில் செய்வதுதான் உங்களுக்குக் கைக்கெட்டுவது. ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகள் 2021-இல் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபின் சிறு ஆயுதங்கள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. பழைய .32 ரிவால்வர் ஏறக்குறைய 700 கிராம், ஆறு தோட்டா, வெப்ளி என்ற ஆங்கிலேய ரிவால்வரின் வழியில் வந்தது, குழலை முன்பக்கம் மடக்கித் திறக்க வேண்டும். உறுதியானது. ஆனால் தோட்டாவும் சேர்ந்தால் பேண்டின் ஒரு பக்கத்தைக் கீழே இழுக்கும். பெல்ட் இல்லாமல் நினைத்துப் பார்க்கவே முடியாது. ‘நிர்பீக்’ 2014-இல் வந்தது, டைட்டானியம் கலந்த உடல், எடை 500 கிராமை ஒட்டியது. வெளிவந்தபோது விலை ரூ.1.22 லட்சம். பெண்களுக்கானது என்று விளம்பரமானதால் ஆண்கள் அதைக் கையில் எடுக்கவே கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள். பையில் வைப்பதற்கு இந்த 200 கிராம் வித்தியாசம் பெரிய வித்தியாசம். .32 லாங் மென்மையான தோட்டா என்பதால் எடை குறைந்த துப்பாக்கியிலும் உதைப்பு தாங்கக்கூடியதாகவே இருக்கும். 2023-இல் ‘பிரபல்’ வந்தது. சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே சாய்ந்து திறக்கும், தோட்டா மாற்றுவது சுலபம், டிரிகரும் மேம்பட்டிருக்கிறது. ஆனால் மறுபடி 700 கிராமுக்குப் போய்விடுகிறது. இடுப்பு உறையில் மட்டும் வைப்பதாக இருந்தால் பிரபலைச் சொல்வேன். பையும் வேண்டும் என்கிறீர்கள், ஆகவே நிர்பீக்.

பழையதோ புதியதோ, கடையில் எடுத்துப் பார்க்கும்போது காலியாக இருக்கிறதா என்று திறந்து கண்ணால் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் அனுமதி கேட்டு இவற்றைச் செய்யுங்கள். டிரிகரை மெதுவாகக் கடைசிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிலிண்டரை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் வைத்துவிடுங்கள். ஆறு அறைக்கும் இதைச் செய்ய வேண்டும். ஐந்து அறை ஒழுங்காக நின்று ஒன்று மட்டும் குழலுக்கு நேரே வராமல் நிற்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டது குண்டைச் சீவித் துப்பும், பக்கத்தில் நிற்பவர் முகத்தில் ஈயத் துகள் அடிக்கும். மடக்கித் திறக்கும் வகையானால் மூடியபின் குழலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கீல் தேய்ந்திருந்தால் கைக்குத் தெரியும். குழலின் பின்பக்கம் வெள்ளைத் தாளை வைத்து உள்ளே பாருங்கள், துருப் புள்ளிகள் இருக்கக் கூடாது. வரிசை எண் தெளிவாக இருக்க வேண்டும், காகிதத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். எண்ணைச் சுரண்டிய தடயம் தெரிந்தால் பேரம் பேசாமல் வெளியே வந்துவிடுங்கள். பழைய ரிவால்வர் என்றால் இன்னொன்று கேட்க வேண்டும்: ஹேமர், அதாவது தோட்டாவை வெடிக்க அடிக்கும் சுத்தி, விழுந்து நிற்கும்போது அதற்கும் தோட்டாவுக்கும் நடுவே தடுப்பு இருக்கிறதா? இல்லையென்றால் கீழே விழுந்த அடியிலேயே வெடிக்கும். அப்படிப்பட்டதில் ஐந்து தோட்டா போட்டு ஹேமருக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விடுவதுதான் முறை. எதுவானாலும், துப்பாக்கி கை தவறி விழுந்தால் விழட்டும். பாய்ந்து பிடிக்காதீர்கள், பிடிக்கிற விரல் டிரிகருக்குள்தான் போகும்.

இப்போது பை. வலது கைக்காரருக்கு வலது முன்பை. அந்தப் பையில் துப்பாக்கியும் உறையும் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. சாவி கூடாது, சில்லறை கூடாது, பேனா கூடாது. டிரிகர் வளையத்துக்குள் சாவி நுழைந்துகொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உறை டிரிகரை முழுவதும் மூட வேண்டும், வெளிப்புறம் சொரசொரப்பாக இருக்க வேண்டும். அப்போதுதான் துப்பாக்கியை இழுக்கும்போது உறை பைத் துணியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நிற்கும். வழவழப்பான தோலில் தைத்த உறை துப்பாக்கியோடு சேர்ந்தே வெளியே வரும், நீங்கள் உறையைத்தான் நீட்டிக்கொண்டிருப்பீர்கள். ரெடிமேட் பேண்டுகளில் பை ஆழம் போதாது, வாயும் சாய்வாக இருக்கும். தெரிந்த தையல்காரரிடம் கொடுத்து உள்பையைத் தடித்த பருத்தித் துணியில் இரண்டு விரல் ஆழம் கூட்டித் தைக்கச் சொல்லுங்கள், வாயைக் கொஞ்சம் அகலப்படுத்தச் சொல்லுங்கள். இது சின்னச் செலவு, ஆனால் துப்பாக்கிக்குக் கொடுத்த லட்ச ரூபாய் வேலை செய்வதற்கு இதுதான் வழி.

எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. உள்ளே கையை விட்டு முஷ்டியாகப் பிடித்தால் பை வாயில் கை சிக்கிக்கொள்ளும். விரல்களை நீட்டித் தட்டையாகக் கையை உள்ளே விட வேண்டும். கட்டை விரல் ஹேமரின் தலைமேல் படிய வேண்டும், அதனால் ஹேமர் துணியில் மாட்டாது, கையும் குறுகியே இருக்கும். ஆள்காட்டி விரல் உறைக்கு வெளியே நேராக நீண்டிருக்க வேண்டும். பை வாயைத் தாண்டி வெளியே வந்தபின்தான் பிடி முழுவதும் இறுகும். காலியான துப்பாக்கியை வைத்துக்கொண்டு, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, இதை வீட்டில் மெதுவாகப் பழகுங்கள். வேகம் தானாக வரும். ஆபத்து நெருங்குவதாகத் தோன்றும்போது கையைப் பைக்குள் விட்டு நிற்பது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது என்பதுதான் பையில் வைப்பதன் ஒரே பெரிய ஆதாயம்.

பை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பூட்டிப் போய்விட்டது என்று ஒருவர் கொண்டுவந்த ரிவால்வரைத் திறந்து பார்த்தேன். டிரிகருக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் பசை போல ஏதோ அப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தால் விபூதி வாசனை. கோயிலில் கொடுத்த திருநீற்றுப் பொட்டலம் அதே பையில் இருந்திருக்கிறது, அவிழ்ந்து கொட்டியிருக்கிறது, துப்பாக்கியில் இருந்த எண்ணெயோடு குழைந்து ஸ்பிரிங்கின் மேல் காய்ந்து இறுகியிருக்கிறது. மாதக்கணக்கில் அதை நம்பி அவர் இரவில் நடந்திருக்கிறார். மதுரையில் பையில் திருநீறு இல்லாத ஆள் யார்? திருநீறு சட்டைப் பைக்குப் போகட்டும். பைத் துணியின் பஞ்சு, வெற்றிலைத் துணுக்கு, பாக்குத் தூள் எல்லாம் இதே வேலையைச் செய்யும். வாரம் ஒரு முறை காலி செய்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தட்டி, எண்ணெயை ஒற்றித் துடைத்து வையுங்கள். பைத் துப்பாக்கிக்கு எண்ணெய் குறைவாக இருப்பதே நல்லது.

வேட்டிக்கு வருகிறேன். நம் ஊர்ப் பச்சை பெல்ட்டில் பணப்பை இருக்கிறதே, அதில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். கூடாது. அந்தப் பை பணத்துக்குத் தைத்தது. டிரிகரை மூடாது, 500 கிராமைத் தாங்காது, பட்டனைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். அதோடு வேட்டியை மடித்துக் கட்டினால் மடிப்பு முழுவதும் அந்தப் பைக்கு மேல் வந்து உட்காரும். உள்ளே போட்டிருக்கும் அரை டிரவுசர் பையைப் பற்றிப் பேசவே வேண்டாம். வேட்டி நாளில் நல்ல தடித்த தோல் பெல்ட் ஒன்றை வேட்டிக்கு மேல் இறுக்கிக் கட்டி, அதில் கோத்த உறையை வலது இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால் வைத்து, சட்டையை வெளியே விட்டுக்கொள்ளுங்கள். சட்டை ஒரு அளவு பெரிதாக, அடர் நிறத்தில் இருக்கட்டும். வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டினால் உள்ளே இருப்பது அப்படியே தெரியும்.

ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் பேண்ட் பை தொடை மடிப்பில் நசுங்குகிறது, குழல் முழங்காலைப் பார்த்து நிற்கிறது. வலது கையில் ஆக்ஸிலேட்டர் இருக்கிறது. கையை எடுத்தால் வண்டி தள்ளாடும். வண்டி சறுக்கி விழுந்தால் முதலில் தரையில் படுவதும் அந்தத் தொடைப் பக்கம்தான். ஆகவே வண்டியிலும் இடுப்பு உறைதான். அதைவிட முக்கியம், உங்களை மோதித் தள்ளிப் பையைப் பறிக்கிறவன் முன்னால் வருவதில்லை. நகையை இருக்கைக்கு அடியில் பூட்டுங்கள், முன்கொக்கியில் தொங்கவிடாதீர்கள். ஒரே நேரம், ஒரே பாதை என்ற பழக்கத்தை மாற்றுங்கள். முடிந்தால் சரக்கைக் கடைப் பெட்டகத்திலோ வங்கி லாக்கரிலோ வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போங்கள். நகைப்பை இல்லாதவருக்குத் துப்பாக்கிக்கான தேவையும் பாதியாகக் குறைகிறது.

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறும் நெரிசலில் முன்பையில் துப்பாக்கி வைத்திருப்பது எனக்கு அறவே சம்மதமில்லை. பர்ஸை எடுக்கிற கைக்குப் பையில் கனமாக ஏதோ இருப்பது முதல் உரசலிலேயே தெரிந்துவிடும். உரிமம் பெற்ற துப்பாக்கி தொலைந்து எவன் கைக்கோ போனால் அதற்குப்பின் நடப்பதெல்லாம் உங்கள் பெயரிலிருந்துதான் விசாரிக்கப்படும். பஸ் பயணத்தில் இடுப்பு உறையில், பிடியைப் பூட்டும் பட்டையோடு, சட்டைக்குள் இருக்கட்டும். உட்கார்ந்துதான் போக வேண்டும். நிற்க வேண்டிய பஸ்ஸை விட்டுவிடுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் நம் ஊரில் உடம்போடு ஒட்டியிருக்கும் இரும்பு ஒரே நாளில் பூக்கும். வியர்வையில் உப்பு இருக்கிறது. இரவு வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு எண்ணெய் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்து வையுங்கள். டைட்டானியம் உடல் துருப்பிடிக்காது, ஆனால் உள்ளே ஸ்பிரிங்கும் ஊசியும் எஃகுதான். உறைக்குள்ளேயே இரவு முழுவதும் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சுமந்து திரிந்த தோட்டாக்களை அப்படியே வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம். பயிற்சியில் முதலில் அவற்றைச் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியதைச் சுமந்து செல்லுங்கள்.

பயிற்சி என்றால் ரைஃபிள் கிளப்பில் இருபத்தைந்து மீட்டரில் மேசையில் கையை ஊன்றிச் சுடுவது அல்ல. உங்கள் துப்பாக்கியின் குழல் மூன்று அங்குலம், குறி பார்க்கும் மேடு நகக்கண் அளவு. ஐந்து மீட்டரில், நின்றபடி, ஹேமரைக் கட்டை விரலால் பின்னுக்கு இழுக்காமல், டிரிகரை மட்டும் முழுவதும் இழுத்துச் சுட வேண்டும். கான்பூர் ரிவால்வரின் டிரிகர் கடினமானது. முதல் நாளில் குண்டு எல்லாம் இடது கீழ்ப்பக்கம் போகும், மனம் தளராதீர்கள். ஐந்து குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழும்வரை துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லாதீர்கள். உரிமத்துக்காகப் பெற்ற பயிற்சிச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குட்டைக் குழலின் சத்தம் மூடிய இடத்தில் செவியைக் கெடுத்துவிடும்.

எப்போது சுடலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. தற்காப்பு உரிமை, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பதை 37-ஆவது பிரிவு சொல்கிறது. சொத்தைக் காக்க உயிர்ச்சேதம்வரை போகலாம் என்று 41-ஆவது பிரிவு அனுமதிக்கும் குற்றங்களில் வழிப்பறி இருக்கிறது, சாதாரணத் திருட்டு அப்படியே இல்லை. சாவோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால்தான் அது சேரும். பையைப் பறித்துக்கொண்டு முதுகைக் காட்டி ஓடுகிறவனை ஆவணி மூல வீதியில் சுட்டால், அவனுக்குப் பின்னால் பூக்காரம்மா இருப்பார், ரிக்‌ஷாக்காரர் இருப்பார், தேர் பார்க்க வந்த வெளியூர்க் குடும்பம் இருக்கும். ஈயம் யாரையும் அடையாளம் பார்ப்பதில்லை. நகை போனால் காப்பீடு இருக்கிறது. உங்கள் உயிரையோ வீட்டார் உயிரையோ எடுக்க வருகிறவனுக்கு மட்டும்தான் அந்த ஆறு தோட்டா.

கடையிலிருந்து நேரே மீனாட்சியம்மன் சன்னதிக்குப் போகும் பழக்கம் உங்களுக்கு இருக்கும். செல்போனையே உள்ளே விடாத கோயில் அது. துப்பாக்கியைப் பாதுகாப்பறையிலோ வண்டிப் பெட்டியிலோ விட்டுவிட்டுப் போகலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். கோயில் நாளில் துப்பாக்கி வீட்டில் இருக்கட்டும். காதுகுத்து, கல்யாணம், ஜல்லிக்கட்டு, கறிவிருந்து எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும். சொந்தக்காரர் ‘காட்டுங்க மாமா’ என்று கேட்பார், காட்டக் கூடாது. விசேஷ வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஒரு வாய் மது அருந்தினாலும் அன்று துப்பாக்கியைத் தொடக் கூடாது. வீட்டில் சுவரோடு பிணைத்த இரும்புப் பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு, சாவி உங்களிடம். பிள்ளைகளுக்கு எட்டாது என்று பீரோவின் மேல்தட்டை நம்பாதீர்கள், நாற்காலி போட்டு ஏறுகிற வயது சீக்கிரமே வந்துவிடும்.

திருச்சூருக்கு நகை எடுக்கப் போவதாக இருந்தால், போகும் முன் உரிமப் புத்தகத்தில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றிருந்தால் கேரள எல்லையைத் தாண்டியதும் அது உரிமமில்லாத துப்பாக்கி ஆகிவிடும். உரிமம் இப்போது ஐந்து ஆண்டுக்கு வழங்கப்படுகிறது. கடைசி மாதம்வரை காத்திருக்காமல் புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். விலக்கு வேண்டுமானால் இரவில் நகையோடு போவதைக் காரணம் காட்டி எழுத்தில் மனுக் கொடுங்கள், அதைப் பரிசீலிக்கக் குழு இருக்கிறது. விலக்கு கிடைக்கவில்லையென்றால் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படையுங்கள். காலி செய்து, எண்ணெய் துடைத்து, உறையில்லாமல் கொடுங்கள். வரிசை எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் எழுதிய ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே திறந்து, குழலுக்குள் பார்த்து, எண்ணைச் சரிபார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.